ஷாப் (SHAP) வரிசையில் பி.எம் 2.5 நான்காம் இடம்: மாசுக்கும் ஆஸ்துமாவுக்கும் தொடர்பு குறைவா?

வளிப்படலம் · பிப்ரவரி 3, காலை 9.10

ஒரு நகரத்தின் ஆறு வருடத் தரவு கையில் இருக்கிறது. 22 கண்காணிப்பு நிலையங்களின் மணிவாரி பி.எம் 2.5 (2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்படாத நுண்துகள் மாசு), வானிலை, ஆஸ்துமாவுக்காக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர்களின் தினசரி எண்ணிக்கை (ஐசிடி-10 என்ற பன்னாட்டு நோய்க் குறியீட்டுப் பட்டியலில் ஜே45). எல்லாவற்றையும் எக்ஸ்ஜிபூஸ்ட் என்ற இயந்திரக் கற்றல் முறையில் கொடுத்து, தினசரி வருகையைக் கணிக்கும் மாதிரி ஒன்றைப் பழக்கினேன். ஆர்-ஸ்கொயர் (கணிப்பு எவ்வளவு பொருந்துகிறது என்ற மதிப்பெண், முழுப் பொருத்தம் 1) 0.9க்குப் பக்கம். கணிப்பில் ஒவ்வொரு காரணிக்கும் எவ்வளவு பங்கு என்று காட்டும் ஷாப் மதிப்பை எடுத்தால் நேற்றைய வருகை எண்ணிக்கை முதல் இடம், வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது இரண்டாவது, வெப்பநிலை மூன்றாவது. பி.எம் 2.5 நான்காவதுதான். மாசின் பங்கு சொல்லப்படுகிற அளவுக்கு இல்லை என்று எழுதலாமா?

சிதறல் · பிப்ரவரி 3, காலை 11.40

எழுதக்கூடாது. ஷாப் காட்டுவது இந்த மாதிரி எந்தக் காரணியை எவ்வளவு பயன்படுத்திக்கொண்டது என்பதை மட்டும். காற்றைச் சுத்தம் செய்தால் எத்தனை பேர் மூச்சுத்திணறலோடு வராமல் இருப்பார்கள் என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது.

உங்கள் பட்டியலின் முதல் இடத்தையே பாருங்கள். பி.எம் 2.5 ஒரே நாளில் ஏறி இறங்கும் பொருள் அல்ல, மூன்று நான்கு நாள் தங்கும். நேற்றைய மாசு நேற்று சிலரை அவசரப் பிரிவுக்கு அனுப்பியது. அந்த எண்ணிக்கையையே இன்றைய கணிப்புக்கு உள்ளீடாகக் கொடுத்துவிட்டீர்கள். மாசின் விளைவில் ஒரு பகுதி அந்த நிரலுக்குள் புகுந்துகொண்டது. மாதிரி நன்றாகக் கணிக்கும், மாசு சின்னதாகத் தெரியும். நாளை எத்தனை படுக்கை தேவை என்று கேட்டால் இந்த மாதிரி போதும். மாசு என்ன செய்கிறது என்று கேட்டால் அந்த நிரலை முதலில் எடுங்கள்.

சிதறல் · பிப்ரவரி 3, இரவு 8.05

இன்னொன்று. 22 நிலையங்களின் சராசரியை நகரம் முழுவதற்கும் போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஏஐ உண்மையாகக் கைகொடுக்கும் இடம் அதுதான்: நிலையம் இல்லாத தெருவில், நிலையம் ஓடாத நாளில் மாசு எவ்வளவு என்று மதிப்பிடுவது. நோய்க்கணக்கை, அதாவது அந்த மாசால் நோய் எவ்வளவு கூடுகிறது என்ற கணக்கை, பழைய புள்ளியியலிடமே விடலாம்.

1993இல் வந்த அமெரிக்க ஆறு நகர ஆய்வில் 8,111 பேர், ஊருக்கு ஒரு மைய நிலையம். மிக மாசான நகரத்தில் இறப்பு வீதம் மிகத் தூய்மையான நகரத்தைவிட 26% அதிகம் என்று அதிலேயே தெரிந்தது. 2017இல் அதே நாட்டின் மெடிகேர் என்ற முதியோருக்கான அரசுக் காப்பீட்டில் இருந்த ஆறு கோடிப் பேரை வைத்து வந்த ஆய்வில் 1 கிலோமீட்டர் கட்டங்களுக்கு நியூரல் நெட்வொர்க் மாசளவைக் கணித்துத் தந்தது. பி.எம் 2.5 கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால் இறப்பு 7.3% கூடியது. 12 மைக்ரோகிராமுக்குக் கீழே வாழ்ந்தவர்களை மட்டும் எடுத்தபோது அது 13.6%. நிலையங்களிலிருந்து வெகுதூரத்தில், தூய காற்றில் வாழும் கிராமத்தவர்கள் கணக்குக்குள் வந்ததால்தான் இந்தக் கீழ்ப்பகுதியைப் பார்க்கவே முடிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஆண்டு சராசரிக்கான வழிகாட்டு அளவை 10லிருந்து 5 மைக்ரோகிராமாக இறக்கியதற்குப் பின்னால் இப்படித் தாழ்ந்த அளவிலும் பாதிப்பைக் காட்டிய ஆய்வுகள் இருக்கின்றன.

வளிப்படலம் · பிப்ரவரி 4, காலை 7.30

சரி, மாசளவு மாதிரியைக் கட்டுகிறேன். எதையெல்லாம் போட வேண்டும்? ஜிபியு (பெரிய கணக்குகளை வேகமாக ஓட்டும் சில்லு) வேண்டுமா?

சிதறல் · பிப்ரவரி 4, மதியம் 1.15

ஜிபியு வேண்டாம். 100 கிலோமீட்டருக்கு 100 கிலோமீட்டர் பரப்பு என்றால் 10,000 கட்டங்கள். ஆறு வருடத்துக்கு ஏறக்குறைய 2,190 நாட்கள். மொத்தம் 2.19 கோடி வரிசைகள். 30 நிரல்கள், ஒவ்வொன்றும் 4 பைட் என்றால் 2.6 ஜிபி. கணிப்பு எழுதும்போதுதான் இவ்வளவும் தேவை. பயிற்சிக்கு வருவது நிலையம் இருக்கும் கட்டங்கள் மட்டுமே, அது ஐம்பதாயிரம் வரிசையைத் தாண்டாது. சாதாரண மடிக்கணினி போதும்.

நிலையத் தரவிலிருந்து தொடங்குங்கள். ஒரு நாளில் 24 மணியில் 18 மணிக்காவது அளவு இருந்தால் மட்டும் அந்த நாளின் சராசரியை எடுங்கள். ஒரே எண் தொடர்ந்து ஆறு மணி நேரம் வந்தால் கருவி உறைந்திருக்கிறது, நீக்குங்கள். பீட்டா கதிர்க் கருவிகள் தூய காற்றில் சிறு எதிர்ம எண்களைக் காட்டும். அவற்றைப் பூஜ்யமாக்கினால் சராசரி மேலே சாயும், அப்படியே விடுங்கள்.

அடுத்தது செயற்கைக்கோள். டெர்ரா, அக்வா செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் கருவியின் தரவிலிருந்து மாயக் என்ற கணக்கீட்டு முறையில் எடுக்கும் ஏஓடி 1 கிலோமீட்டரில் கிடைக்கிறது. ஏஓடி என்பது தரையிலிருந்து வான் உச்சி வரை முழுத் தூணிலும் உள்ள துகள்கள் ஒளியை மங்கலாக்கும் அளவு. நாம் சுவாசிப்பது தூணின் அடியில் இருக்கும் இரண்டு மீட்டரை. அதே தூண் துகள் 2,000 மீட்டர் உயரத்துக்குக் கலந்திருந்தால் தரையில் மாசு குறைவு, 300 மீட்டருக்குள் அடைபட்டால் பல மடங்கு. அதனால் ஏஓடியோடு எல்லை அடுக்கு உயரம், அதாவது தரையிலிருந்து காற்று எவ்வளவு உயரம் வரை கலக்கிறது என்பது, கட்டாயம் வேண்டும். ஈஆர்ஏ5 என்ற உலகளாவிய வானிலைத் தரவுத் தொகுப்பில் அது மணிவாரியாக இருக்கிறது, கட்டம் சுமார் 31 கிலோமீட்டர். ஈரப்பதம், காற்றின் வேகமும் திசையும், மழை, வெப்பநிலை ஆகியவற்றையும் அங்கிருந்தே எடுக்கலாம். இவற்றோடு சாலை நீளம், நிலப் பயன்பாடு, உயரம், வேதிப் போக்குவரத்து மாதிரியின் (மாசு காற்றில் எப்படிப் பரவி மாறுகிறது என்று கணக்கிடும் மாதிரி) கணிப்பு.

எல்லோரையும் கவிழ்க்கும் இடம் நேர மண்டலம். ஈஆர்ஏ5 உலகப் பொது நேரத்தில் வரும், நிலையம் உள்ளூர் நேரத்தில் எழுதும். நாள் எல்லை சில மணி நேரம் விலகியிருந்தாலும் மாதிரி அழகாகத் தேறும், பிழைச் செய்தி எதுவும் வராது. அதிகாலை உச்சம் மட்டும் தப்பான நாளின் கணக்கில் ஏறும்.

சிதறல் · பிப்ரவரி 4, மதியம் 1.40

விட்டுப்போனது: டெர்ரா செயற்கைக்கோள் காலை 10.30 வாக்கில், அக்வா மதியம் 1.30 வாக்கில் கடப்பவை. கடந்த சில ஆண்டுகளாக டெர்ரா சற்று முன்னதாகவும் அக்வா சற்றுத் தாமதமாகவும் கடக்கின்றன. நீண்ட காலத் தொடரில் இந்த நகர்வே ஒரு போலிப் போக்கை உண்டாக்கலாம். கடந்த நேரத்தையும் ஒரு நிரலாகச் சேருங்கள்.

வளிப்படலம் · பிப்ரவரி 9, மாலை 6.20

மாசளவு மாதிரி தயார்: ரேண்டம் ஃபாரஸ்ட் (பல முடிவு மரங்களின் சராசரி), 10 மடிப்புக் குறுக்குச் சரிபார்ப்பு (தரவைப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் மற்றவற்றில் பழக்கிய மாதிரியால் சோதிப்பது), ஆர்-ஸ்கொயர் 0.93. இனி நோய்க்கணக்குக்குப் போகலாமா?

சிதறல் · பிப்ரவரி 9, இரவு 9.50

மடிப்புகளை எப்படிப் பிரித்தீர்கள்? வரிசைகளைக் குலுக்கிப் பிரித்திருந்தால் அந்த 0.93க்குப் பொருள் இல்லை. ஒரே நிலையத்தின் திங்கள் பயிற்சியிலும் செவ்வாய் சோதனையிலும் இருக்கும். அட்சரேகை, உயரம், சாலை நீளம் போன்றவை நாளுக்கு நாள் மாறாததால் மரங்கள் அவற்றை வைத்தே இது எந்த நிலையம் என்று அடையாளம் கண்டுகொள்ளும். நமக்கு வேண்டியது நிலையமே இல்லாத இடத்தின் கணிப்பு. எனவே நிலையம் நிலையமாகப் பிரியுங்கள்: ஒரு நிலையத்தின் ஆறு வருடமும் ஒரே மடிப்பில். அருகருகே உள்ள நிலையங்களை ஒரே தொகுதியாகக் கட்டுங்கள். எண் கணிசமாக இறங்கும். இறங்கிய எண்தான் உங்கள் எண்.

அதையும் இரண்டாக உடையுங்கள். ஒரே நாளில் இடத்துக்கு இடம் உள்ள வேறுபாட்டை எவ்வளவு பிடிக்கிறது, ஒரே இடத்தில் நாளுக்கு நாள் உள்ள வேறுபாட்டை எவ்வளவு பிடிக்கிறது. அன்றாட வருகையை ஆராயும் உங்களுக்கு இரண்டாவதுதான் முக்கியம். ஆண்டுக்கணக்கில் சுவாசித்ததன் விளைவை ஆராய்பவருக்கு முதலாவது. மொத்த ஆர்-ஸ்கொயர் பெரும்பாலும் குளிர்காலத்தில் கூடுதல், மழைக்காலத்தில் குறைவு என்ற பருவ ஏற்ற இறக்கத்தைப் பிடித்ததற்கான மதிப்பெண். பருவத்தை நோய்க்கணக்கில் எப்படியும் கழித்துவிடப் போகிறோம்.

நாடித்துடிப்பு · பிப்ரவரி 10, காலை 6.45

மருத்துவர் பக்கத்திலிருந்து ஒன்று. ஜே45 குறியீட்டை மட்டும் நம்பாதீர்கள். அவசரப் பிரிவில் முதலில் ஆர்06, அதாவது மூச்சு இயல்பின்மை என்று பதிந்துவிட்டுப் பிறகு மாற்றுவார்கள், சில நேரம் மாற்றாமலே விடுவார்கள். ஐந்து வயதுக்குக் கீழே ஆஸ்துமா என்று எழுதவே தயங்குவார்கள், வீசிங் என்று எழுதுவார்கள். மருத்துவக் குறிப்புகளைப் பெரிய மொழி மாதிரி ஒன்றைப் படிக்கவைத்துப் பிரிக்கலாமா?

சிதறல் · பிப்ரவரி 10, காலை 10.30

பிரிக்கலாம். முதலில் 400 குறிப்புகளை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே படித்துக் குறிக்கட்டும். அவர்களுக்குள் ஒப்புதல் எவ்வளவு என்று கப்பா கணக்கிட்டு, முரண்பட்டவற்றை மூன்றாமவர் தீர்க்கட்டும். பிறகே மாதிரியை அந்தப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். மாதிரியின் பதிப்பையும் கட்டளை வாக்கியத்தையும் உறையவைத்துவிடுங்கள். நடுவழியில் பதிப்பு மாறினால் அந்தத் தேதியிலிருந்து ஆஸ்துமா கூடியதுபோலத் தெரியும்.

உணர்திறன் (ஆஸ்துமா உள்ளவரைத் தவறவிடாமல் பிடிப்பது), துல்லிய விலக்கு (ஆஸ்துமா இல்லாதவரைச் சேர்க்காமல் விடுவது) இரண்டில் எதை இறுக்குவது? துல்லிய விலக்கை. ஆஸ்துமா உள்ளவர்களில் கால்வாசிப் பேரைத் தவறவிட்டாலும், தவறுவது மாசு நாளிலும் மாசற்ற நாளிலும் ஒரே விகிதத்தில் இருந்தால் ஆபத்து விகிதம் (மாசு நாளில் ஆபத்து எத்தனை மடங்கு என்பது, 1 என்றால் பாதிப்பில்லை) கெடாது, நம்பிக்கை இடைவெளி மட்டும் அகலும். ஆஸ்துமா இல்லாதவர்களைச் சேர்த்தால் விகிதம் 1ஐ நோக்கிச் சரியும்.

‘ஒரே விகிதத்தில்’ என்ற அந்த நிபந்தனைதான் உடைகிறது. புகைமூட்டமான நாளில் மருத்துவரே குறிப்பில் ‘புகையால் மூச்சுத்திணறல்’ என்று எழுதுவார். மொழி மாதிரி அந்தச் சொல்லைப் பார்த்ததும் ஆஸ்துமா பக்கம் சாயும். மாசை வைத்து நோயை முடிவுசெய்து, அந்த நோயை மாசோடு ஒப்பிடுகிறோம், தொடர்பு கிடைக்காமல் இருக்குமா? புகை, தூசி, மாசு, பனிமூட்டம் போன்ற சொற்களையும் தேதியையும் மறைத்துவிட்டுக் குறிப்பைக் கொடுங்கள். மறைத்தும் மறைக்காமலும் இரண்டு முறை ஓட்டி வித்தியாசத்தைப் பதிவு செய்யுங்கள்.

சிதறல் · பிப்ரவரி 10, காலை 10.55

எக்ஸ்ரே படங்களிலும் இதே வகைக் குறுக்குவழி உண்டு. 2018இல் வந்த ஆய்வில் நிமோனியாவைக் கண்டறியப் பழக்கிய ஆழ்கற்றல் மாதிரி, படம் எந்த மருத்துவமனையில் எடுக்கப்பட்டது என்பதையே கற்றுக்கொண்டிருந்தது. நோயாளிகள் அதிகமுள்ள மருத்துவமனை எது என்று தெரிந்தால் பாதி விடை வந்துவிடும். நுரையீரல் படங்களை மாசோடு இணைக்க நினைப்பவர்களுக்கு இது நேரடி எச்சரிக்கை. மாசான ஊர் ஒரு மருத்துவமனை, தூய ஊர் இன்னொரு மருத்துவமனை என்றால் மாதிரி காண்பது கருவி வேறுபாடாக இருக்கலாம்.

வளிப்படலம் · பிப்ரவரி 14, இரவு 7.00

நிலையம் நிலையமாகப் பிரித்தேன், மதிப்பெண் நிறைய இறங்கியது. இரண்டு சிக்கல். மேகமூட்டமான நாட்களில் ஏஓடி இல்லை, பாதிக்கு மேல் காலி. அத்துடன் தீவிர மாசு நாட்களில் கணிப்பு எப்போதும் குறைவாகவே வருகிறது. மலிவு சென்சார்கள் 150 இருக்கின்றன, அவற்றைச் சேர்த்தால் சரியாகுமா?

சிதறல் · பிப்ரவரி 14, இரவு 10.20

காலி இடங்கள் சீரற்று விழுந்தவை அல்ல. மழை நாளிலும் காலி, அப்போது மாசு குறைவு. அடர்ந்த புகையை மேகம் என்று எடுத்துக்கொண்டு வடிகட்டி நீக்கிவிடும், அப்போது மாசு மிக அதிகம். காலி நாட்களைத் தூக்கிப்போட்டால் இரண்டு முனையும் போய்விடும். வேதிப் போக்குவரத்து மாதிரி தரும் ஏஓடியையும் வானிலையையும் வைத்து இடைவெளியை நிரப்புங்கள். நிரப்பியது என்று காட்டும் 0/1 நிரல் ஒன்றும் வேண்டும். மதிப்பெண்ணை நிரப்பிய நாட்களுக்குத் தனியாகப் போடுங்கள்.

உச்சம் குறைவது ரேண்டம் ஃபாரஸ்டின் இயல்பு. இலையில் விழுந்த பயிற்சி மதிப்புகளின் சராசரியைத்தான் அது சொல்லும். பயிற்சியில் அதிகபட்சம் 180 என்றால் காற்றில் 400 இருந்தாலும் 180ஐத் தாண்டாது. நடுவிலும் எல்லாவற்றையும் சராசரி நோக்கி இழுக்கும். உச்ச நாட்கள் சுருங்கினால் ஒரு மைக்ரோகிராமுக்கான பாதிப்பு ஊதிப்பெருகும், ஏனென்றால் வந்த நோயாளிகள் அத்தனை பேரும் குறைந்த மாசின் கணக்கில் ஏறுகிறார்கள். வேறு வகை மாதிரிகளோடு சேர்த்துக் கூட்டணியாகக் கணிப்பது ஓரளவு உதவும். கணித்ததையும் அளந்ததையும் வரைந்து, சாய்வு 1க்கு எவ்வளவு பக்கம் என்று பாருங்கள்.

மலிவு சென்சார்: உள்ளே இருப்பது லேசர் ஒளிச்சிதறல் மட்டுமே. ஈரப்பதம் ஏறினால் துகள் நீரை உறிஞ்சி வீங்கும், சென்சார் அதை மாசு என்று படிக்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை பர்ப்பிள்ஏர் கருவிக்கு எடுத்த திருத்தம் இது: 0.524 பெருக்கல் சென்சார் அளவு, கழித்தல் 0.0862 பெருக்கல் ஈரப்பத விழுக்காடு, கூட்டல் 5.75. அதை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். அங்குள்ள துகளுக்கும் அந்தக் கருவிக்கும் பொருந்தியது அது. உங்கள் சென்சார்களில் சிலவற்றை ஒரு தரநிலை நிலையத்தின் கூரையில் எல்லாப் பருவத்திலும் வைத்து உங்கள் எண்களை எடுங்கள். மண்தூசியை இவை ஏறக்குறைய பார்ப்பதே இல்லை, எந்தத் திருத்தமும் அதை மீட்காது. பயிற்சியில் தரநிலை நிலையத்துக்கு முழு எடை, சென்சாருக்குக் குறைந்த எடை. சோதனை மடிப்பில் தரநிலை நிலையங்கள் மட்டும்.

நாடித்துடிப்பு · பிப்ரவரி 15, காலை 6.30

மாசளவு மாதிரி எவ்வளவு துல்லியமோ நோய்க்கணக்கும் அவ்வளவு துல்லியம், சரிதானே?

சிதறல் · பிப்ரவரி 15, காலை 9.00

இல்லை. இந்த இழையில் ஒன்றே ஒன்றை எடுத்துப்போவதானால் இதை எடுத்துப்போங்கள். பிழையின் அளவைவிடப் பிழையின் வகைதான் முடிவைத் தீர்மானிக்கிறது. கருவி இரைச்சலைப் போல உண்மையைச் சுற்றிச் சிதறும் பிழை, பாதிப்பை 1ஐ நோக்கி இறக்கும். கட்டத்தின் சராசரியை அதிலுள்ள எல்லோருக்கும் கொடுப்பதால் வரும் பிழை பெரும்பாலும் இடைவெளியை அகலப்படுத்துமே தவிர நடு மதிப்பைச் சாய்க்காது. ஆர்-ஸ்கொயர் கூடிய மாதிரி, குறைந்த மாதிரியைவிட மோசமான பாதிப்பு மதிப்பீட்டைத் தர முடியும். இரண்டு வகையும் கலந்தே வருவதால், நிலையங்களை மறுமாதிரி எடுத்து மாசளவு மாதிரியையே திரும்பத் திரும்பப் பழக்கி, ஒவ்வொரு முறையும் நோய்க்கணக்கை ஓட்டுங்கள். கணித்த எண்ணை அளந்த எண்போல வைத்துப் போட்ட நம்பிக்கை இடைவெளி பொய்யான குறுகலோடு இருக்கும்.

சிதறல் · பிப்ரவரி 16, மாலை 5.10

மேலே 4ஆம் தேதிக் குறிப்பில் வானிலையை மாசளவு மாதிரியில் போடச் சொன்னேன். நோய்க்கணக்கிலும் வெப்பநிலையைக் கழிக்கிறோம். இரண்டிலும் ஒரே நிரல் வரலாமா என்ற கேள்வி இங்கே எழும். வரலாம், வர வேண்டும். நோய்க்கணக்கில் கழிக்கும் குழப்பும் காரணி (மாசோடும் நோயோடும் ஒருசேரத் தொடர்புடையது) மாசளவு மாதிரியில் இல்லாவிட்டால் முடிவு ஒரு பக்கமாகச் சாயும்.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. வானிலையைக் கழித்தபின் மாசளவில் மிச்சம் எவ்வளவு? டபுள் மெஷின் லேர்னிங் போடுபவர்கள் இந்த மிச்சத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள்: காரணிகளை வைத்து மாசைக் கணித்து மிச்சம், காரணிகளை வைத்து வருகையைக் கணித்து மிச்சம், பிறகு மிச்சத்தின்மேல் மிச்சம். காரணிகளே மாசை 95% விளக்கிவிட்டால் எஞ்சும் 5% பெரும்பாலும் அளவைப் பிழை. அதன்மேல் ஓடும் எந்த நவீன முறையும் இரைச்சலைத்தான் அளக்கும். மிச்சத்தின் திட்ட விலக்கத்தை மைக்ரோகிராமில் எழுதிவையுங்கள், நிலையங்களின் அளவைப் பிழையோடு ஒப்பிடுங்கள். மடிப்புகளைத் தொடர்ந்த வாரங்களாக வெட்டுங்கள், நாள் நாளாகக் குலுக்கக் கூடாது.

வளிப்படலம் · பிப்ரவரி 20, காலை 8.00

நோய்க்கணக்குக்கு எளிய முறை ஒன்று சொல்லுங்கள்.

சிதறல் · பிப்ரவரி 20, மதியம் 12.30

காலத்தை அடுக்காகப் பிரித்த கேஸ்-கிராஸ்ஓவர். ஒருவர் வந்த நாளை, அதே வருடம் அதே மாதம் அதே கிழமையின் மற்ற நாட்களோடு ஒப்பிடுவது. மூன்று அல்லது நான்கு ஒப்பீட்டு நாள் கிடைக்கும். ஆளே தனக்கு ஒப்பீடு என்பதால் புகைப்பழக்கம், வருமானம், வயது எல்லாம் தானே கழியும். பருவமும் கிழமையும் அடுக்கிலேயே கழியும். மீதி வெப்பநிலை, விடுமுறை, வைரஸ் காய்ச்சல் அலை. கண்டிஷனல் லாஜிஸ்டிக் என்ற வழக்கமான புள்ளியியல் முறை போதும். மாசுக்கு அதே நாள் முதல் ஏழு நாள் வரை லேக் (மாசு நாளுக்கும் வந்த நாளுக்கும் இடையிலான தாமதம்). வெப்பநிலைக்கு 21 நாள் வரை, குளிரின் பாதிப்பு மெதுவாக வரும்.

பிறகு நாளைய மாசைப் போட்டு ஓட்டுங்கள். நாளைய காற்று இன்று யாரையும் அவசரப் பிரிவுக்கு அனுப்ப முடியாது. இன்றைய, கடந்த நாட்களின் மாசைக் கழித்த பிறகும் நாளைய மாசுக்குப் பாதிப்பு தெரிந்தால் எதையோ கழிக்கத் தவறியிருக்கிறீர்கள். முதலில் தேடவேண்டியது பிப்ரவரி 4இல் சொன்ன நேர மண்டலம்.

மென்பொருளின் இயல்பு அமைப்புகளையும் நம்ப வேண்டாம். அமெரிக்காவின் 90 பெரு நகரங்களின் ஆய்வில் பி.எம் 10 (10 மைக்ரோமீட்டர் வரையிலான துகள்கள்) கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால் அன்றாட இறப்பு 0.41% கூடுகிறது என்று வந்திருந்தது. கணக்கு எப்போது நிற்கவேண்டும் என்ற எல்லை அந்த மென்பொருளில் தளர்வாக இருந்தது 2002இல் தெரியவந்தது. எல்லையை இறுக்கியதும் 0.27% ஆனது, வேறு முறையில் 0.21%. பாதிப்பு மறையவில்லை, அளவு ஏறக்குறையப் பாதியானது. அந்தக் குழுவே அதை வெளியிட்டுத் திருத்தியது. நம் பாதிப்புகள் இப்படி ஒரு விழுக்காட்டின் பின்னங்களில் இருப்பவை. எக்ஸ்ஜிபூஸ்டில் வரிசைகளையோ நிரல்களையோ சீரற்றுத் தேர்ந்தெடுக்க விட்டிருந்தால், அந்தத் தேர்வைத் தீர்மானிக்கும் விதை எண்ணை மாற்றினால்கூட அந்த அளவு ஆடலாம், பத்து விதைகளிலாவது ஓட்டிப் பாருங்கள்.

நாடித்துடிப்பு · பிப்ரவரி 20, இரவு 9.15

வந்த தேதி நோய் தொடங்கிய தேதி அல்ல என்பதையும் சேருங்கள். ஆஸ்துமாக்காரர்கள் வீட்டில் இன்ஹேலரோடு ஓரிரு நாள் சமாளித்துவிட்டுத்தான் வருவார்கள். குறிப்பில் ‘இரண்டு நாளாக’ என்று இருக்கும்.

சிதறல் · பிப்ரவரி 21, காலை 7.50

மொழி மாதிரிக்கு இதைவிட நல்ல வேலை இல்லை. அறிகுறி எத்தனை நாளாக என்பதை எண்ணாக எடுக்கட்டும், சொல்லப்படாத இடத்தில் காலியாக விடட்டும், ஊகிக்கக் கூடாது. தொடங்கிய தேதியை வைத்து லேக்கை மறுபடி ஓட்டினால் இரண்டு, மூன்று நாள் லேக்கில் இருந்த பாதிப்பு அதே நாள் அல்லது ஒரு நாள் லேக்கை நோக்கி நகர வேண்டும். முகவரியும் வந்த நாளில் இருந்ததாக இருக்கட்டும். மருத்துவமனைப் பதிவேடு பெரும்பாலும் கடைசி முகவரியை மட்டுமே வைத்திருக்கும், ஆறு வருடத்தில் வீடு மாறியவர்களின் பழைய வருகைகள் புதிய தெருவின் மாசோடு இணைந்துவிடும். பதிவேட்டில் பழைய முகவரிகள் கிடைக்காவிட்டால், கடைசி ஓராண்டின் வருகைகளை மட்டும் வைத்து ஒரு முறை ஓட்டி, ஆறு வருட முடிவோடு பக்கத்தில் வையுங்கள்.